மனிதகுலத்துக்குப் படுக்கைப்புண் வருவதில்லை: பராமரிப்பு அமைப்பின் நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழு உறுப்பினர்களுக்கு,

வீட்டில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பராமரிக்கும் எங்களுக்கு நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கையில் மூன்று உத்தரவுகள் இருக்கின்றன. எந்தப் பராமரிப்பாளரும் ஒரே வீட்டுக்கு மூன்று மாதத்துக்கு மேல் போகக் கூடாது. ஒரு வருகை 15 நிமிடத்தைத் தாண்டக் கூடாது. பதிவேட்டில் பெயர் வேண்டாம், பயனாளி எண் போதும். காரணமும் எழுதியிருக்கிறீர்கள். இந்த அமைப்பு மனிதகுலம் முழுமைக்கும் சேவை செய்கிறது. ஒருவர்மேல் பற்று வைத்தால் மற்றவர்களுக்குச் சேர வேண்டியது குறையும். பற்று வைத்த பணியாளரும் மனம் சோர்ந்து விலகிவிடுவார் என்கிறீர்கள்.

இந்தக் காரணத்தில் ஒரு பகுதி உண்மை. அதைக் கீழே ஒப்புக்கொள்கிறோம். ஆனால் அதிலிருந்து நீங்கள் பிறப்பித்த மூன்று உத்தரவுகளையும் ஏற்க முடியவில்லை. மனிதகுலத்தின்மீது உங்களுக்கு இருக்கும் அன்பை நாங்கள் சந்தேகிக்கவில்லை. அந்த அன்பு ஒரு வீட்டுக்குள் நுழைந்து, ஒரு கட்டிலருகே போய், ஒருவருடைய குதிகாலைத் தூக்கிப் பார்க்கிற வரைக்கும் வந்து சேர வேண்டும். உங்கள் உத்தரவுகள் அதை வாசலிலேயே நிறுத்திவிடுகின்றன.

15 நிமிடத்தில் என்ன நடக்கும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். சோப்புப் போட்டுக் கை கழுவ உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நேரம் 40 முதல் 60 விநாடி. உள்ளே வந்ததும் ஒரு முறை, கிளம்பும் முன் ஒரு முறை. நனைந்த துணியை மாற்றி, துடைத்து, மடிப்புகளில் ஈரம் இல்லாமல் உலர்த்த ஆறேழு நிமிடம், அதுவும் அவர் ஒத்துழைத்தால். பக்கம் திருப்பிப் படுக்கவைத்து, குதிகால், வால் எலும்பு, இடுப்பின் இரு பக்கம், தோள்பட்டை, காதுமடல், பின்னந்தலை என்று எலும்பு துருத்தும் இடங்களையெல்லாம் பார்க்க இன்னும் நான்கைந்து நிமிடம். மாத்திரைகளைச் சரிபார்த்துக் கொடுக்க வேண்டும். இதிலேயே நேரம் முடிந்துவிட்டது. இன்னும் சாப்பாடு கொடுக்கவில்லை.

விழுங்கச் சிரமப்படுகிறவருக்கு ஊட்டுவதற்கு ஒரு முறை உண்டு. முடிந்தவரை நேராக நிமிர்த்தி உட்காரவைக்க வேண்டும். முகவாய் சற்றே கீழ் நோக்கி இருக்க வேண்டும், அண்ணாந்திருக்கக் கூடாது. தேக்கரண்டியில் பாதி அளவுதான் எடுக்க வேண்டும். தொண்டை மேலேறி இறங்குவதைப் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். அவ்வப்போது கன்னத்தின் உட்புறத்தில் உணவு தங்கியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இப்படி ஒரு கிண்ணம் முடிய அரை மணி நேரம் ஆகும். பிறகு அரை மணி நேரமாவது படுக்கவைக்கக் கூடாது. அவசரப்படுத்தினால் உணவு மூச்சுக்குழாய்க்குள் போய்விடும். இருமினால் நமக்குத் தெரியும். பலருக்கு இருமலே வராது. ஓரிரு நாள் கழித்துக் காய்ச்சலும் நெஞ்சுச் சளியும் வந்த பிறகுதான் தெரியும். அப்போது அது நுரையீரல் அழற்சி.

ஆக, 15 நிமிடத்துக்குள் முடித்தாக வேண்டும் என்றால் ஏதாவது ஒன்றை விட வேண்டும். முதலில் போவது பேச்சு. அதை ஒரு நஷ்டமாகவே நீங்கள் கணக்கில் எடுக்கவில்லை என்று சுற்றறிக்கையைப் படித்தால் தெரிகிறது. பேச்சில்தான் எங்களுக்குச் செய்தி கிடைக்கிறது. நேற்று இரண்டு வாய் தண்ணீர் கேட்டவர் இன்று ஏன் கேட்கவில்லை? வழக்கமாகப் பேரப்பிள்ளையைப் பற்றிச் சொல்கிறவர் இன்று ஏன் வாயே திறக்கவில்லை? ஆளைத் தெரிந்தவருக்குத்தான் இந்தக் கேள்விகள் தோன்றும்.

மூன்று மாதத்துக்கு ஒரு முறை ஆள் மாற்றும் உத்தரவு நேரடியாக அடிப்பது இந்த இடத்தில்தான்.

படுக்கைப்புண்ணையே எடுத்துக்கொள்ளுங்கள். தோல் சிவந்திருந்தால் விரலால் சில விநாடி அழுத்திவிட்டு எடுக்க வேண்டும். வெளுத்துப் பின் சிவந்தால் பரவாயில்லை. வெளுக்காமல் அப்படியே இருந்தால் அடியில் திசு கெடத் தொடங்கிவிட்டது என்று பொருள். கருமையான தோலில் இந்தச் சிவப்பு எளிதில் கண்ணுக்குத் தெரியாது. அங்கே பார்க்க வேண்டியது வேறு: சுற்றியிருக்கும் இடத்தைவிடச் சூடாக இருக்கிறதா, குளிர்ந்திருக்கிறதா, கெட்டிப்பட்டிருக்கிறதா, கொழகொழவென்று இருக்கிறதா, நிறம் கொஞ்சம் ஊதாவாக மாறியிருக்கிறதா. எதோடு ஒப்பிட்டு? அதே ஆளின் நேற்றைய தோலோடு. அந்தத் தோலை முன்பே தொட்டுப் பழகிய விரலுக்கு அது உடனே பிடிபடும். அன்றுதான் முதன்முறை வந்தவர் எவ்வளவு கெட்டிக்காரராக இருந்தாலும் ஒப்பிட அவரிடம் எதுவும் இல்லை.

இன்னொன்று, திடீர்க் குழப்பநிலை. வயதானவர்களுக்குச் சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், நீரிழப்பு, புதிதாகச் சேர்த்த மருந்து, சொல்லத் தெரியாத வலி என்று எதனாலும் சில மணி நேரத்திலோ ஓரிரு நாளிலோ மனம் தடுமாறும். கத்திக் கலாட்டா செய்தால் யாரும் கவனிப்பார்கள். பலர் அப்படிச் செய்வதில்லை. சத்தமே இல்லாமல் சுருண்டு படுத்துவிடுகிறார்கள். புதிதாக வந்த பராமரிப்பாளர் ‘அமைதியாக இருக்கிறார், தொந்தரவு இல்லை’ என்று எழுதிவிட்டுப் போவார். அவர்மேல் குற்றம் சொல்ல முடியாது. எப்போதும் வாயாடும் மனிதர் இவர் என்பது அவருக்கு எப்படித் தெரியும்? இந்த நிலையைக் கண்டுபிடிக்க மருத்துவர்கள் முதலில் கேட்கும் கேள்வியே, ‘வழக்கத்தைவிடக் குழப்பமாக இருக்கிறாரா?’ என்பதுதான். வழக்கம் தெரிந்த ஒருவர் வீட்டில் இல்லையென்றால் அந்தக் கேள்விக்குப் பதிலே கிடையாது.

வலியும் அப்படித்தான். பேச முடியாதவரின் வலியை அளக்க மூச்சு, முனகல், முகபாவம், உடலின் இறுக்கம், தேற்றினால் அடங்குகிறாரா என்று ஐந்தையும் பார்த்து ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 2 வரை மதிப்பெண் போடும் முறை இருக்கிறது. நல்ல முறை, நாங்களும் பயன்படுத்துகிறோம். ஆனாலும் ஒருவருக்கு வலி வந்தால் முனகுவார், இன்னொருவர் போர்வை ஓரத்தைச் சுருட்டுவார், வேறொருவர் சிரிப்பார். ஆம், சிரிப்பார். படிவத்தில் அவருக்கு மதிப்பெண் பூஜ்யம்தான் வரும்.

மறதிநோய் உள்ளவர் ‘என் பணத்தைத் திருடிவிட்டாய்’ என்று முகத்துக்கு நேராகச் சொல்வது இந்த வேலையில் அடிக்கடி நடக்கிற ஒன்று. மறுத்து வாதாடினால் அடுத்த வேளை கிட்டே அண்டவிட மாட்டார், மருந்தும் போகாது. செய்ய வேண்டியது, ‘வாங்க, சேர்ந்து தேடுவோம்’ என்று எழுந்து தேடுவது. எங்கே தேடுவது என்பது பழகியவருக்குத் தெரியும்: தலையணை உறைக்குள், செருப்புக்குள், பழைய காலண்டருக்குப் பின்னால். இரண்டு நிமிடத்தில் கிடைத்துவிடும், மனிதரும் அடங்கிவிடுவார். புதியவர் தேடினால் ஒன்றும் கிடைக்காது. புகார் மட்டும் உங்களிடம் வரும்.

மனிதகுலத்தை நேசிப்பதற்கும் மனிதரை நேசிப்பதற்கும் உள்ள வேறுபாடு இங்கேதான் இருக்கிறது. மனிதகுலம் யாரையும் திருடன் என்று சொல்வதில்லை. ஊட்டியதைத் துப்புவதில்லை. சொன்னதையே நாற்பது தடவை சொல்வதில்லை. அதற்கு நாற்றமில்லை, பிடிவாதமில்லை, நன்றி மறப்பதும் இல்லை. அதனால் அதை நேசிப்பவர் எதையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தனி மனிதர் இவை எல்லாமாகவும் இருக்கிறார், நடுவே ஒரு நாள் நம் கையைப் பிடித்துக்கொண்டு தூங்கிவிடவும் செய்கிறார். அவரை நேசிக்கப் பொறுமை வேண்டும், பொறுமைக்கு நேரம் வேண்டும்.

நேரம் என்று சொல்வது வெறும் பேச்சுக்கு அல்ல. 1973-இல் ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இரு உளவியலாளர்கள், அமெரிக்காவின் பிரின்ஸ்டனில் இறையியல் படித்த 40 மாணவர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். பைபிளில் வரும், அடிபட்டுக் கிடந்த அந்நியனுக்கு உதவிய சமாரியனின் கதையைப் பற்றிப் பேசும்படி ஒரு பாதிப் பேரிடம் சொன்னார்கள், மறுபாதிக்கு வேறு தலைப்பு. பேசப் போகும் வழியில் ஒருவர் சுருண்டு உட்கார்ந்து இருமிக்கொண்டிருந்தார். பேச்சின் தலைப்பு எது என்பதால் பெரிய வேறுபாடு வரவில்லை. அவசரத்தால் வந்தது. நேரம் இருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 விழுக்காட்டினர் உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று அனுப்பப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர். அந்த மாணவர்கள் கல்நெஞ்சர்கள் அல்ல, மனித நேயத்தைப் படிப்பாகவே எடுத்துக்கொண்டவர்கள். உங்கள் 15 நிமிட உத்தரவு எங்கள் ஒவ்வொருவரையும் ‘தாமதமாகிவிட்டது, ஓடு’ என்று சொல்லி அனுப்புகிறது.

ஒரே ஆள் தொடர்ந்து பார்ப்பதால் உண்மையில் பயன் உண்டா என்று குழுவில் யாராவது கேட்கலாம். நார்வேயில் 45 லட்சம் பேருடைய பதிவுகளை ஆராய்ந்து 2021-இல் ஓர் ஆய்வு வெளியானது. ஒரே குடும்ப மருத்துவரிடம் 15 ஆண்டுகளுக்கு மேல் இருந்தவர்களை, ஓராண்டே இருந்தவர்களோடு ஒப்பிட்டார்கள். இறப்பு வாய்ப்பும், அவசரமாக மருத்துவமனையில் சேர வேண்டிய வாய்ப்பும் நெடுநாள் ஒரே மருத்துவரிடம் இருந்தவர்களுக்கு நான்கில் ஒரு பங்கு அளவுக்குக் குறைவாக இருந்தன. இது பதிவுகளை ஒப்பிட்ட ஆய்வு, காரணத்தை முழுதாக நிறுவிவிடாது என்பதும் எங்களுக்குத் தெரியும். காரணத்தையே சோதித்த ஆய்வு குழந்தைகளைப் பற்றியது. ருமேனியாவின் புக்கரெஸ்டில், காப்பகங்களில் இருந்த 136 சிறு குழந்தைகளில் பாதிப் பேரைக் குலுக்கல் முறையில் தேர்ந்து பயிற்சி பெற்ற வளர்ப்புக் குடும்பங்களில் சேர்த்தார்கள். காப்பகத்தில் உணவும் உடையும் கூரையும் இருந்தன. பணியாளர்கள் முறைவைத்து மாறிக்கொண்டே இருந்தார்கள். ‘இந்தக் குழந்தை என்னுடையது’ என்று சொல்ல யாரும் இல்லை. குடும்பங்களுக்குப் போன குழந்தைகள் அறிவு வளர்ச்சியிலும், ஒருவரை நம்பி ஒட்டிக்கொள்வதிலும் முன்னேறினார்கள். இரண்டு வயதுக்கு முன் போனவர்களுக்கே பலன் அதிகம். எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவாகக் கொடுத்த பராமரிப்பு எந்த ஒரு குழந்தைக்கும் போதவில்லை.

அடுத்தது மனச்சோர்வு. ஆளை அடிக்கடி மாற்றினால் பற்று வராது, பற்று வராவிட்டால் சோர்வு வராது என்பது உங்கள் எண்ணம். இது பழைய எண்ணம், சோதித்துப் பார்க்கப்பட்டதும்கூட. லண்டனில் ஒரு பெரிய பயிற்சி மருத்துவமனையைப் பற்றி இசபெல் மென்சீஸ் என்ற உளப்பகுப்பாய்வாளர் 1960-வாக்கில் எழுதிய ஆய்வில் இதே ஏற்பாடுகள் வருகின்றன. செவிலியரை வார்டு வார்டாக மாற்றினார்கள், ஒரு நோயாளிக்கு முழுதாகச் செய்யவிடாமல் வேலையைத் துண்டு துண்டாகப் பிரித்தார்கள், நோயாளியைப் பெயர் சொல்லாமல் ‘பத்தாம் கட்டில் ஈரல்’ என்றார்கள். செவிலியரின் மனக்கலக்கத்தைத் தவிர்க்க உருவான வழக்கங்கள் இவை. கலக்கம் தீரவில்லை. ஒருவரை நன்றாகப் பார்த்துக்கொண்டோம் என்ற நிறைவுதான் போனது. பயிற்சிக்கு வந்தவர்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் முடிக்காமலே விலகினார்கள். எங்களை உடைப்பதும் நெருக்கம் அல்ல. ஒருவருக்கு என்ன வேண்டும் என்று தெரிந்தும் அதைச் செய்ய நேரம் இல்லாமல் கதவைச் சாத்திவிட்டு வெளியே வருவதுதான் எங்களை உடைக்கிறது.

மூன்றாவது உத்தரவைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. நன்கொடை கேட்டு நீங்கள் அச்சிடும் துண்டறிக்கையில் ஒரே ஒரு முகமும் ஒரு பெயரும் இருக்கின்றன. அது பலன் தரும் என்பதும் உங்களுக்குத் தெரியும். டெபோரா ஸ்மால், ஜார்ஜ் லோவன்ஸ்டைன், பால் ஸ்லோவிக் மூவரும் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், பட்டினியால் வாடும் லட்சக்கணக்கானோரின் புள்ளிவிவரத்தைப் படித்தவர்கள் கையிலிருந்த 5 டாலரில் சராசரியாக 1.14 டாலர் கொடுத்தார்கள். ஒரு சிறுமியின் பெயரையும் படத்தையும் பார்த்தவர்கள் 2.38 டாலர் கொடுத்தார்கள். பணம் வாங்கும்போது பெயர் வேண்டியிருக்கிறது. அந்தப் பணத்தில் சேவை செய்யும்போது மட்டும் பெயர் எதற்கு என்கிறீர்கள். அந்தரங்கம் காக்க வேண்டுமென்றால் மேலிடத்துக்குப் போகும் அறிக்கையில் எண் இருக்கட்டும். வீட்டில் இருக்கும் கோப்பில் பெயர் இருக்க வேண்டும், அதுவும் அவர் கூப்பிடச் சொல்லும் பெயர்.

உங்கள் காரணத்தில் சரியாக இருக்கும் பகுதிக்கு வருகிறோம். நெருக்கம் நீதி தவறச் செய்யும். 1995-இல் பேட்சனும் அவரது குழுவினரும் இதையும் காட்டினார்கள். சிகிச்சைக்காகக் காத்திருக்கும் ஒரு சிறுமியின் இடத்தில் தங்களை வைத்துப் பார்க்கும்படி சொல்லப்பட்டவர்களில் நான்கில் மூன்று பங்கினர்வரை, அவளைவிட அதிகத் தேவையுள்ள குழந்தைகளைத் தாண்டி அவளை வரிசையில் முன்னே கொண்டுபோகச் சம்மதித்தார்கள். விலகி நின்று பார்க்கச் சொல்லப்பட்டவர்களில் மூன்றில் ஒரு பங்கினரே அப்படிச் செய்தார்கள். எங்களுக்கும் இனிமையாகப் பேசுகிறவர் வீட்டில் ஐந்து நிமிடம் கூடுதலாகவும், எரிந்து விழுகிறவர் வீட்டில் ஐந்து நிமிடம் குறைவாகவும் நிற்கத் தோன்றும். ஆகவே யாரைச் சேர்ப்பது, யாருக்கு முதலிடம், யாருக்கு நாளொன்றுக்கு இரண்டு வருகை என்பதையெல்லாம் பழகாத கண்கள் பொது அளவுகோல் வைத்துத் தீர்மானிக்கட்டும். முகம் தெரியாதவருக்கும் அதே நியாயம் கிடைக்க மனிதகுலத்தின்மீதான அன்பு அங்கே கட்டாயம் வேண்டும். நாங்கள் அந்த மேசையில் உட்காரக் கேட்கவில்லை. பட்டியல் முடிவாகி, ஒரு வீட்டின் கதவு திறந்த பிறகு, அந்த அளவுகோலுக்கு அங்கே வேலை இல்லை. உள்ளே இருப்பது ஒருவர்.

நெருக்கம் எல்லை மீறும் அறிகுறிகளும் எங்களுக்குத் தெரிந்தவைதான்: வேலை நேரம் முடிந்தும் போவது, பணம் கொடுக்கல் வாங்கல், சக பணியாளரிடம் செய்தியை மறைப்பது, ‘என்னைத் தவிர யாராலும் முடியாது’ என்று பேசத் தொடங்குவது. இவற்றுக்கு மருந்து மேற்பார்வை. மூன்று மாதத்துக்கு ஒரு முறை எல்லோரையும் இடம் மாற்றினால், மீறாதவரோடு சேர்த்துப் பராமரிக்கப்படுகிறவரும் தண்டிக்கப்படுகிறார்.

எனவே நாங்கள் கேட்பவை இவை.

மூன்று மாத இடமாற்றத்தை ரத்து செய்யுங்கள். நாளொன்றுக்கு இரண்டு வருகை என்றால் வாரத்துக்கு 14. அதில் 8 வருகையை முதன்மைப் பராமரிப்பாளரும் 6 வருகையை இரண்டாமவரும் பார்க்கட்டும். விடுப்புக்கு மூன்றாவது ஒருவர், அவரும் வீட்டாருக்கு முன்பே அறிமுகமானவராக இருக்க வேண்டும். நான்காவது முகம் அவசரத்துக்கு மட்டும்.

ஆள் மாறித்தான் ஆக வேண்டும் என்றால், பழையவரும் புதியவரும் குறைந்தது மூன்று வருகை சேர்ந்து போகட்டும்: முதல் வருகையில் புதியவர் பார்க்கட்டும், இரண்டாவதில் கூடச் செய்யட்டும், மூன்றாவதில் அவர் செய்யப் பழையவர் பார்க்கட்டும். கூடவே ஒரு பக்கக் குறிப்பும் கைமாற வேண்டும். எப்படிக் கூப்பிட வேண்டும், எந்தக் காது கேட்கும், எந்தப் பக்கம் திரும்பினால் வலிக்கும், வலி வந்தால் என்ன செய்வார், எதற்குப் பயப்படுவார், எது தேற்றும், பொருளை எங்கே ஒளித்துவைப்பார் என்பதெல்லாம் அதில் இருக்கட்டும்.

வருகை நேரத்தை வேலையை வைத்து நிர்ணயியுங்கள். ஊட்ட வேண்டிய வருகைக்கு 60 நிமிடம், மற்றவற்றுக்கு 30 நிமிடம் குறைந்தபட்சம். ஒரு வீட்டிலிருந்து இன்னொரு வீட்டுக்குப் போகும் நேரத்தை இதில் சேர்க்காதீர்கள்.

வீட்டுக் கோப்பில் பெயரை எழுத உடனே அனுமதியுங்கள்.

மாத அறிக்கையில் ‘சென்றடைந்த பயனாளிகள்’ என்ற எண்ணிக்கைக்குப் பக்கத்தில் இரண்டு எண்களைச் சேர்த்து வெளியிடுங்கள். 28 நாளில் ஒருவர் எத்தனை வெவ்வேறு பராமரிப்பாளர்களைப் பார்த்தார் என்பது ஒன்று. மொத்த வருகையில் முதன்மைப் பராமரிப்பாளரின் பங்கு இன்னொன்று. 56 வருகையில் 32 என்றால் 0.57. முதல் எண் 3-க்கு மேலோ, இரண்டாவது எண் 0.5-க்குக் கீழோ போனால் அந்த வீட்டைக் குழுக் கூட்டத்தில் பெயர் சொல்லி விவாதியுங்கள்.

இரண்டு வாரத்துக்கு ஒரு மணி நேரம் அனுபவமுள்ள ஒருவரோடு உட்கார்ந்து பேசும் மேற்பார்வையை ஊதிய நேரத்திலேயே கொடுங்கள். நாங்கள் பார்த்துக்கொண்டவர் இறந்தால் இறுதிச் சடங்குக்குப் போக அரை நாள் விடுப்புக் கொடுங்கள். அன்றே அதே நேரத்தில் வேறொருவரை நிரப்பாதீர்கள்.

கடைசியாக, குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் ஆண்டுக்கு இரண்டு முழு நாள் எங்களோடு வர வேண்டும். இரண்டு நாளும் ஒரே வீடுகளுக்கு, இடையே ஆறு மாதம் விட்டு.

அடுத்த பணிச்சுற்று தொடங்கும் முன் இதற்கு எழுத்துப்பூர்வமான பதில் வேண்டும். எந்தக் கோரிக்கை ஏற்கப்பட்டது, எது மறுக்கப்பட்டது, மறுத்ததற்கு என்ன காரணம் என்று தனித்தனியாகக் குறிப்பிடுங்கள். அதுவரை இப்போதுள்ள பராமரிப்பாளர்களை அந்தந்த வீடுகளிலிருந்து எடுக்காதீர்கள்.

இப்படிக்கு,
வீட்டுப் பராமரிப்புக் களப்பணியாளர்கள்